வேனில் ஏறாத கண்டக்டர்

எங்கள் அண்ணி பஸ் கண்டக்டர். இடுப்பை சீட்டுக் கம்பியில் லேசாகச் சாய்த்து, ஒரு கையில் டிக்கெட் மிஷின், மறுகையில் சில்லறை என்று ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நிற்பார். ஒரு குரல் கொடுத்தால் படிக்கட்டில் தொங்குகிறவன் தானாக உள்ளே வந்துவிடுவான். அப்படிப்பட்டவரை ஒரு வருஷம் முழுக்க ஒரு போட்டோ தலைகுனிய வைத்தது.

எங்கள் சைக்கிள் குழு வருஷத்துக்கு ஒருமுறை மூன்று மலை தாண்டிப் போகும். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் அந்தப் பக்கத்து ஊர் மைதானத்தில் போய்ச் சேர வேண்டும். கடைசியாக வருகிறவருக்குப் பின்னால் ஒரு வேன் ஊர்ந்து வரும். முடியாதவர் அதில் ஏறிக்கொள்ளலாம். ஏறியவர் திரும்ப இறங்கி ஓட்டக் கூடாது. வேனும் கடைசி ஆளைத் தாண்டிப் போகக் கூடாது. இந்த இரண்டு சட்டமும் யாருக்காகவும் வளையாது.

போன வருஷம் அண்ணி மூன்றாவது மலையில் வேன் ஏறினார். ஏறியதும் ஹெல்மெட்டோடு வாயைப் பிளந்து தூங்கிவிட்டார். யாரோ எடுத்த அந்தப் படம் எப்படியோ டிப்போ ஓய்வறைக்குப் போய், இரும்பு லாக்கர்களுக்கு மேலே ஒட்டப்பட்டது. "என்ன கண்டக்டரம்மா, வேன்ல டிக்கெட் எடுத்தீங்களா?" என்று டிரைவர்கள் ஆளாளுக்குக் கேட்டார்கள். அண்ணியும் கூடவே சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்தபிறகுதான் முகம் தொங்கும். "அடுத்த வருஷம் செத்தாலும் அந்த வேன்ல கால் வைக்க மாட்டேன் தம்பி" என்றார் என்னிடம்.

அன்று முதல் டிப்போவுக்கு சைக்கிள்தான். மேம்பாலத்தை ஒரு தடவை ஏறினால் போதாதென்று, இறங்கித் திரும்பி மறுபடியும் ஏறுவார். சைக்கிள் படுக்கையறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் குடியேறியது. பெடலில் முழங்காலை இடித்துக்கொண்டு அண்ணன் நொண்டாத வாரம் இல்லை. "இந்த வீட்ல எனக்குன்னு இருந்த எடமும் போச்சு" என்று முனகுவார்.

அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். குழுவுக்குப் பின்னால் வழக்கமாக வேன் ஓட்டி வருகிற டிரைவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, இந்த வருஷம் அண்ணனையும் அவர் வேனையும் பிடித்துப் போட்டார்கள். பெண்டாட்டிக்குப் பின்னால் நாள் முழுக்க ஊர்ந்து போகிற வேலை. "கல்யாணம் ஆனதுலேர்ந்து அதத்தானே பண்றேன்" என்றார்.

என் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். புது சைக்கிள், கறுப்புக் கண்ணாடி, உடம்போடு ஒட்டிய சட்டை என்று மாப்பிள்ளை மாதிரி கிளம்பினேன். இரண்டாவது மலையில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வேனுக்குள் ஏற்கெனவே ஜிம் மாஸ்டர் இருந்தார், சின்னப் பிள்ளைகளுக்கான சீட்டில், முழங்கால் மோவாயில் இடிக்க. ஊருக்கே உடம்பை வளர்க்கச் சொல்லித்தருகிற மனிதர். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். "வாங்க தம்பி, எடம் இருக்கு" என்று வரவேற்றார்.

மூன்றாவது மலைக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மாமனார். எவ்வளவு பாடுபட்டாலும் திருப்திப்படாது. மற்றவர்கள் எல்லாம் முன்னே போய்விட, எங்கள் கண்ணாடிக்கு முன்னால் அண்ணி மட்டும் இருந்தார். சாலையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வளைந்து வளைந்து ஏறினார். நடையை விட மெதுவாகத்தான் போனார், ஆனால் போனார். அப்புறம் ஒரு கொண்டை ஊசி வளைவில் காலை ஊன்றி நின்றுவிட்டார். போன வருஷம் வேன் ஏறிய அதே வளைவு.

அண்ணன் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி ஓடினார். நான் ஜன்னல் வழியே தலையை நீட்டினேன்.

"போதும்மா. கால் எப்பிடி நடுங்குது பாரு. ஏறிக்கோ, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார் அண்ணன்.

அண்ணி தண்ணீரை வாங்கி மடமடவென்று குடித்தார். "நீங்க போய் வண்டில உக்காருங்க" என்றார். "பக்கத்துல நின்னா எனக்கு ஏறத் தோணுது."

அண்ணன் திரும்பி வந்து, காலி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜிம் மாஸ்டர் ஒரு கொட்டாவி விட்டார். "நல்லபடியா சொல்லி ஏத்துங்க சார். அந்தம்மாவால எல்லாருக்கும் லேட்டாகுது."

அண்ணன் யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினார். "அவசரம்னா எறங்கி நடங்க. முன்னாடி நிக்கிறது என் பொண்டாட்டி. அவ கெளம்புற வரைக்கும் இந்த வண்டி இங்கதான் நிக்கும்."

ஜிம் மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி பெடலில் ஏறி நின்றார். சீட்டில் உட்காரவே இல்லை. நாளெல்லாம் குலுங்குகிற பஸ்ஸில் நின்றே பழகிய உடம்பு. நாங்கள் உட்கார்ந்து தோற்றதை அவர் நின்றுகொண்டு ஏறினார். தோள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட, ஒவ்வொரு மிதியாகப் போனார். நாங்கள் சத்தம் போட்டால் விழுந்துவிடுவாரோ என்று பயந்து பொம்மை மாதிரி இருந்தோம். உச்சியில் சாலை சமமானபோது ஜிம் மாஸ்டர்தான் முதலில் கை தட்டினார். அண்ணன் எல்லார் முன்னாலும் அழுதார், அழுதுகொண்டே கியர் மாற்றினார்.

இறக்கத்தில் வேனால் அவரை எட்டிப் பிடிக்க முடியவில்லை. நாங்கள் மைதானத்துக்குள் நுழையும்போது குழுவே அவரைச் சுற்றி நின்றது. எனக்கு அப்படியொரு பெருமை. "அது எங்க அண்ணி" என்று முன்பின் தெரியாத இரண்டு பேரிடம் ஜன்னல் வழியாகவே சொல்லிவிட்டேன்.

எங்களைப் பார்த்ததும் அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி நேராக வேனுக்கு வந்தார். அண்ணன் கையை நீட்டிக்கொண்டு இறங்கினார். அந்தக் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, அவரைத் தாண்டிப் போய்ப் பின்கதவைத் திறந்தார். எங்கள் ஐந்து பேரையும் வரிசையாக ஒரு பார்வை பார்த்தார். உள்ளங்கையால் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"எறங்குங்க, எறங்குங்க. கடைசி ஸ்டாப்."