டயருக்குப் பின்னால் வைத்த கல்

கொடைக்கானல் மேல்மலைப் போளூரில் சரக்கு வண்டி வந்து நின்றால் டிரைவருக்கு முன்னால் இறங்குவது கல்தான். எல்லாம் மேட்டு நிலம். டயருக்குப் பின்னால் ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பூண்டு மூட்டையில் கை வைப்பார்கள். பூண்டுக் காட்டு முதலாளி பொன்னுச்சாமியின் பிக்கப் வண்டிக்கு வேறு வழியும் கிடையாது. அதன் ஹேண்ட் பிரேக் போய் ஆறு மாதம். ஒர்க்‌ஷாப்பில் விட அவருக்கு நேரமில்லையாம். சந்தைக்குப் போக மட்டும் நேரம் எங்கிருந்தோ வந்துவிடும்.

அன்றைக்குக் கல்லை வைத்தவள் ஜோதிமணி. நாற்பத்திரண்டு வயது. பதினைந்து வருடமாக அவர் காட்டில்தான் வேலை. பூண்டை விரலால் உருட்டியே நல்லது எது, சொத்தை எது என்று பிரித்துப் போடுவாள், பார்க்கக்கூட வேண்டாம். ஒன்பதாவது மூட்டையை ஏற்றும்போது வண்டி பின்னால் உருண்டது. அவளுடைய வலது கை வண்டிக்கும் கல்கட்டுச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

பொன்னுச்சாமி கெட்ட மனிதர் இல்லை. பதறிப்போய் அதே வண்டியில் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆனால் வாசலில் இறங்கும்போது குரலைத் தாழ்த்தினார்.

"கல்லச் சரியா வைக்காதது ஒந் தப்புதான தாயி? போலீசு கேசுன்னு போனா ஒனக்குத்தான் அசிங்கம். காட்டுல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிரு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

அவளும் அப்படியே சொன்னாள். தப்பு தன்னுடையதுதான் என்று மனதார நம்பினாள், பாவி மகள். டாக்டர் கட்டுப் போட்டு, நாளைக்கே திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதினார். "அங்க போனா கைய எடுத்துருவாங்க" என்று பயம் காட்டி, பொன்னுச்சாமி அவளை அடிவாரத்தில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் அழைத்துப்போனார்.

பத்தாம் நாள் வீட்டில் கிடந்த ஒரு பூண்டை வலது கையில் எடுத்தாள். விரலுக்குத் தோலும் தெரியவில்லை, பல்லும் தெரியவில்லை. வண்டி நசுக்கியபோதுகூட அவள் அப்படிப் பயந்ததில்லை. இந்தக் கை போனால் அவளுக்கு என்ன மிச்சம்?

"பெரிய எடத்துப் பொல்லாப்பு நமக்கெதுக்கு?" என்றான் கணவன் கந்தவேல்.

"அவரு கையா போகுது? எங் கைங்க" என்றாள். மறுநாள் வெள்ளனே தனியாகக் கொடைக்கானலுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அதே டாக்டர். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "வழுக்கி விழுந்தா இப்பிடி நசுங்காது. உள்ளதச் சொல்லும்மா. நீ சொல்றதத்தான் எழுதுவேன்."

சொன்னாள். அவர் விபத்துப் பதிவேட்டில் எழுதி, போலீசுக்கும் தகவல் அனுப்பினார். திண்டுக்கல்லில் ஆபரேஷன் நடந்தது. உள்ளே தகடு வைத்தார்கள். உணர்ச்சி பாதியாவது திரும்பும், ஆனால் பயிற்சியை விடக்கூடாது என்றார்கள். ஈரத் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு காலையும் மாலையும் பிழிந்தாள். கண்ணில் தண்ணீர் வரும், பிழிவதை நிறுத்தமாட்டாள்.

எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைப் பையில் போட்டுக் கோர்ட் வளாகத்திலிருந்த இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனாள். அங்கே வக்கீல் புவனா. வழுக்கி விழுந்ததாக எழுதியிருந்த முதல் நாள் சீட்டைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டாள் ஜோதிமணி.

"கிழிக்காதீங்கக்கா. ஆஸ்பத்திரியிலயும் அது பதிவாகியிருக்கும். மறைச்சாத்தான் வம்பு. ஏன் அப்பிடிச் சொன்னீங்கன்னு நாமளே சொல்லிருவோம்."

"ஆனா கல்ல வச்சது நாந்தானுங்க."

புவனா எழுதுவதை நிறுத்தினாள். "நல்ல வண்டி நிக்கிறதுக்குக் கல்லு எதுக்குக்கா?"

பதினைந்து வருடத்தில் ஜோதிமணி இதை ஒருநாளாவது யோசித்திருக்கிறாளா? முதலில் தன் மேலேயே கோபம் வந்தது, பிறகுதான் பொன்னுச்சாமி மேல். வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியை அப்படியே கந்தவேலிடம் கேட்டாள். அடுத்த நாள் அவன் காட்டோரம் நின்ற பிக்கப்பைப் போனில் படம் பிடித்து வந்தான். அப்போதும் டயருக்குப் பின்னால் கல்தான் இருந்தது.

நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு விசாரணைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த முதல் சீட்டைத்தான் கையில் எடுத்தார்.

"வழுக்கி விழுந்ததா நீங்களே சொல்லியிருக்கீங்க. அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

எதிர் வரிசையில் பொன்னுச்சாமி குனிந்து உட்கார்ந்திருந்தார். ஜோதிமணி கூண்டுக் கட்டையை வலது கையால் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்குச் சொன்னதுதாங்க பொய்யி. அன்னைக்கு மொதலாளி எம் பக்கத்துல நின்னாரு. வண்டி நிக்காதது எந் தப்புன்னு சொன்னாரு, நானும் நம்பிட்டேன். கல்லு நழுவுனது நெசம். பிரேக் இருந்திருந்தா கல்லுக்கு அங்க சோலியே இல்லீங்க."

வக்கீல் அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டினார். நீதிபதி அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் பதியச் சொன்னார்.

சாட்சியத்தை வாசித்துக் காட்டிய பிறகு, கோர்ட் ஊழியர் அவள் கையைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியை நகர்த்தினார். "எடது கைப் பெருவிரல் வச்சாப் போதும்மா."

"பேனா குடுங்கய்யா" என்றாள்.

பேனா இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை பிடி கிடைத்தது. ஜோதிமணி என்று நாலு எழுத்தையும் வலது கையால் எழுதி முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள், பொன்னுச்சாமியும்தான்.