வழித்தெடுத்த கிழக்குப் பாதி

அவரை எல்லோரும் மட்டம் என்றுதான் கூப்பிட்டார்கள். புல்டோசர் ஓட்டுபவர். அவர் சமன்படுத்திய தரையில் கோலிக்குண்டை வைத்தால் உருளாது என்று கூட வேலை செய்பவர்கள் கேலியும் பெருமையுமாகச் சொல்வார்கள்.

ஊருக்கு வெளியே இருந்த புல்வெளியில் சோலார் பேனல் போட வந்தவர்களும் அவரைத்தான் அழைத்தார்கள்.

"மேடு பள்ளத்த மட்டும் தட்டி விடுங்கண்ணே. புல்லு அப்படியே இருக்கட்டும். பேனலோட இரும்புக் காலு அதுக்குள்ளயே இறங்கிடும்" என்று சொல்லிவிட்டு இன்ஜினியரம்மா மேற்குப் பக்கம் போனார்.

மட்டத்துக்கு மனசு கேட்கவில்லை. அரைகுறையாய் விட்டால் தன் பேர் என்ன ஆவது? கிழக்குப் பாதி முழுவதையும் ஒரு சாண் ஆழத்துக்கு வழித்து, சாப்பாட்டு மேசை போல ஆக்கினார். வழித்த மண் லாரி லாரியாக எங்கோ சாலை வேலைக்குப் போனது. இன்ஜினியரம்மா திரும்பி வந்து, ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மட்டம் வீட்டுக்குப் போனார்.

பேனலெல்லாம் நட்டு முடிந்த பிறகு, முதுகுவலி அவரை வண்டி ஓட்ட விடவில்லை. அதே இடத்தில் புல் வெட்டும் வேலை கிடைத்தது. வழிக்காமல் விட்ட மேற்கில் கை ஓயவில்லை. பேனல் நிழலில் ஈரம் தங்கி, கோடையிலும் பச்சை வாடாமல் இருந்தது. வெயில் கேட்கும் பூச்செடிகள் வரிசைகளுக்கு நடுவே ஒதுங்கிக்கொண்டன. கிழக்கிலோ வெட்ட ஒன்றுமே இல்லை. பேனல் விளிம்பிலிருந்து கொட்டிய மழைநீர், இறுகிப்போன தரைக்குள் இறங்க முடியாமல், அதை வரிவரியாக அறுத்துக்கொண்டு ஓடியது.

ஒருநாள் இன்ஜினியரம்மாவிடம் கேட்டே விட்டார். "அன்னிக்கே என்னத் திட்டியிருக்கலாமேம்மா?"

"திட்டி என்ன ஆகப்போகுது? மேல்மண்ணு போயிடுச்சு. வேரு, விதை எல்லாம் அதோட போயிடுச்சு. நானும் பக்கத்துலயே நின்னிருக்கணும்ணே."

அந்த வருடம் மேற்கில் விதை முற்றிய புல்லை வெட்டி, மூட்டை கட்டிக் கொண்டுவந்து கிழக்கில் பரப்பினார். மனைவியும் துணைக்கு வந்தாள். முதல் மழையே விதையை அடித்துக்கொண்டு போனது. மறுவருடம் நீர் அறுத்த வழிகளின் குறுக்கே கல் அடுக்கினார்கள். கல்லுக்குப் பின்னால் மண் படிந்த இடங்களில் மட்டும் புல் பிடித்தது. மற்ற இடமெல்லாம் முள்செடி.

"போதும், வாங்க. உங்கள யாரும் ஒண்ணும் கேக்கல" என்றாள் மனைவி.

"சோம்பேறித்தனத்துல கெடுத்திருந்தாக்கூட மனசு ஆறிடும். பாத்துப் பாத்துல்ல கெடுத்தேன்."

அவள் அடுத்த மூட்டையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள்.