மீட்டர் அக்காவுக்கு வந்த சைபர்

மீட்டர் அக்கா இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாக ஏறி மின்சார மீட்டர் பார்ப்பவள். நாய்க்கும் பயப்பட மாட்டாள், நாயை அவிழ்த்து விடுகிறவனுக்கும் பயப்பட மாட்டாள். அவளுடைய பூட்டனும் எங்கள் பூட்டனும், அதாவது தாத்தாக்களின் அப்பாக்கள், கூடப்பிறந்தவர்கள். அந்த வழியில் அவள் எங்களுக்கு அக்கா, அவள் அம்மா எங்களுக்குப் பெரியம்மா.

என் அண்ணனுக்குக் குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போடும் பித்துப் பிடித்தது. எங்கள் எல்லாரையும் ஒரு குப்பியில் எச்சில் துப்பச் சொல்லி டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினான். அவனுக்கும் மீட்டர் அக்காவுக்கும் டிஎன்ஏ பொருத்தம், அதாவது ஒட்டு, சைபர் என்று முடிவு வந்தது. அவ்வளவுதான், ஆசாமி நீதிபதியாகிவிட்டான். அச்சுக்குப் போகவிருந்த பக்கத்தில் அக்கா பெயரைச் சிவப்புப் பேனாவால் அடித்தான். “பெரியம்மா விஷயத்துல ஏதோ இருக்கு” என்று நாலு பேரிடம் ஓதியும் வைத்தான். அது காதில் விழுந்த நாள் முதல் பெரியம்மா சாப்பாட்டைத் தொடவில்லை. அண்ணன் செய்தது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

மீட்டர் அக்கா வேலைச் சீருடையோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“தம்பி, சைபரப் படிக்க உனக்கு யாரு கத்துக்குடுத்தா?”

“நான் சொல்லலக்கா, சயின்ஸ் சொல்லுது.”

“இவ்வளவு தூரத்துச் சொந்தத்துல நூத்துல பத்துப் பேருக்கு ஒண்ணுமே ஒட்டாதுன்னும் அதே சயின்ஸ்தான் சொல்லுது. ஒவ்வொரு தலைமுறையிலயும் பாதிதான் இறங்குது. எனக்கு வந்த பாதி வேற, உனக்கு வந்த பாதி வேற. மீட்டர் ஓடலன்னா வீடே இல்லன்னா எழுதுவாங்க? அதே வீட்டுல இன்னொரு மீட்டர் இருந்தா அதையும் பாக்கணும்.” என் பக்கம் திரும்பினாள். “நீயும் துப்பினியே, உன் முடிவ யாராவது பாத்தீங்களா?”

யாரும் பார்க்கவில்லை. அண்ணனுக்கு அவன் முடிவு மட்டும்தான் முடிவு. நான் கணினியில் என் பக்கத்தைத் திறந்தேன். முதலில் அண்ணன், கூடப்பிறந்தவர் என்று இருந்தது. அதற்குக் கீழே பத்தாவதாக மீட்டர் அக்கா, தூரத்து உறவு, ஒட்டு உண்டு.

அக்கா நிறுத்தி நிதானமாகக் கேட்டாள். “உன் தங்கச்சிக்கும் எனக்கும் ஒட்டுது. உனக்கும் எனக்கும் ஒட்டல. இப்ப உன் கணக்குப்படி இந்தக் குடும்பத்துல சேராதது யாரு?”

அண்ணன் பதறினான். “அக்கா, எங்கம்மாவப் போய்...”

“உங்கம்மாவப் பத்தி நான் ஒரு வார்த்தை சொன்னேனா?”

அதுவரை திடமாக இருந்த அக்காவின் குரல் அந்த இடத்தில்தான் உடைந்தது. “சொல்ல மாட்டேன். எனக்கு சைபரப் படிக்கத் தெரியும்.”

“மன்னிச்சிடுக்கா. புதுப் பக்கம் போட்டு உன் பேரச் சேத்துடுறேன்.”

“புதுசு வேணாம். நீ அடிச்ச பக்கத்தையே கையில எடு. எங்கம்மா முன்னாடி உக்காந்து என் பேர உன் கையால எழுது.”

அவன் சட்டை மாற்ற உள்ளே போகப் பார்த்தான்.

“இப்படியே வா” என்றாள்.

சிவப்புப் பேனாவை நானே தேடி எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.