முள்முருங்கையில் வீங்கிய கொழுந்து

நாகலூருக்குப் பக்கத்தில் ஒரு காபி எஸ்டேட்டில் சுதாராணி பதினாறு வருடமாகப் பழம் பறிக்கிறாள். குப்பனூரில் பிறந்து, பாலகுமாரைக் கட்டிக்கொண்டு மலையேறியவள். அதே எஸ்டேட்டில் களைமருந்து அடிக்கும் வேலை அவனுக்கு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனிதன்.

சென்ற வருடம் கோடைமழை பெய்து ஓய்ந்ததும் எஸ்டேட்டின் முள்முருங்கை மரங்கள் துளிர்விட்டன. காபிச் செடிக்கு நிழல் தருவதும் மிளகுக்கொடியைத் தாங்குவதும் அந்த மரங்கள்தான். ஆனால் அந்த முறை துளிர் சரியாக வரவில்லை. இலைக்காம்புகள் விரல் தடிமனுக்கு வீங்கி, இலைகள் சுருண்டு, கொழுந்தெல்லாம் முண்டும் முடிச்சுமாகத் தொங்கின.

காலையில் ஆட்கள் பேர் கொடுக்கும் இடத்தில், எஸ்டேட் கணக்கெழுதி ஆட்களை மேய்க்கும் ரைட்டர் பிரபாகர் பாலகுமாரைப் பிடித்துக்கொண்டார்.

"காத்தடிக்கறப்ப மருந்தடிச்சயா? மரமெல்லாம் போச்சேப்பா!"

"இல்லீங்க சார்."

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எல்லோர் முன்னாலும் சொன்னதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மனைவியிடம் கேட்டான்: "ஒருவேள நாந்தான் பண்ணிப்போட்டனோ, சுதா?"

அந்தக் கேள்வியை அவளால் பொறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குத் தழை ஒடிக்க அவனையும் கூட்டிக்கொண்டு ஓடைப்பக்கம் போனாள். அந்தக் கரையில் தனியாக நிற்கும் முள்முருங்கைப் பக்கம் யாரும் மருந்து கொண்டுபோனதே இல்லை. அதன் கொழுந்தும் அதேபோல வீங்கியிருந்தது. ஒரு புடைப்பை நகத்தால் கீறினாள். உள்ளே சின்னச்சின்ன அறைகள். ஒன்றில் வெள்ளையாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு புழு நெளிந்தது.

"ஏனுங்க, ஓடியாங்க! இதப் பாருங்க!"

அவன் குனிந்து பார்த்தான். முகம் மலர்ந்து உடனே வாடியது. "கெட்டுப்போன தழைல புழு வக்கறது வழக்கந்தானேம்பாங்க. யாரு நம்புவாங்க?"

"அப்ப அதுவே வெளிய வந்து சொல்லட்டும்" என்றாள் சுதாராணி.

வீங்கிய காம்புகளை ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு, வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டிவைத்தாள். வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை பார்த்தாள். எட்டாம் நாள் புடைப்புகளில் ஊசி குத்தியது போல ஓட்டைகள் இருந்தன. துணிக்கு அடியில், கேழ்வரகு அளவுகூட இல்லாத குளவிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

பாட்டிலைச் சேலைத் தலைப்பில் மூடி எடுத்துப்போய் ரைட்டரிடம் நீட்டினாள்.

"சார், இது மருந்து இல்லீங்க. கொளவிங்க."

பிரபாகர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தட்டிக்கழிக்கவில்லை. மத்தியானமே அவளோடு ஓடைக்கரைக்கு நடந்து வந்து, அங்கிருந்து ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினார். அங்கே தோட்டப் பயிர் அதிகாரி ஒருவர் விளக்கம் சொன்னார். தாய்க்குளவி இளங்கொழுந்துக்குள் முட்டை வைக்கிறது. அந்த இடத்தில் மரம் தன் சதையையே தாறுமாறாகப் பெருக்கிக்கொள்கிறது. புழுவுக்கு அதுவே வீடு, அதுவே சாப்பாடு. வளர்ந்ததும் துளை போட்டுப் பறந்துவிடும். களைமருந்து பட்டாலும் இலை சுருளும் என்பதால் இப்படி ஏமாறுவது உண்டு என்றாராம்.

மறுநாள் காலை, முன்பு திட்டிய அதே இடத்தில், எல்லோர் முன்னாலும் பிரபாகர் சொன்னார்: "பாலகுமார் மேல ஒரு தப்பும் இல்ல. விசாரிக்காம பேசுனது நாந்தான். மன்னிச்சுக்கப்பா."

இதைச் சொல்லும்போது சுதாராணிக்கு இன்றைக்கும் கண் கலங்குகிறது. "இப்படிச் சொல்ல எத்தன பேருக்கு மனசு வருமுங்க? ஒரு பொம்பள பாட்டில் கொண்டாந்தான்னு அந்த மனுசன் ஓடைக்கு நடந்து வந்தாருங்க. அவரு நொம்ப நல்லா இருக்கோணும்."

வீங்கிய கிளைகளை வெட்டி எரிக்கும் வேலையைப் பாலகுமாரிடமே கொடுத்தார்கள். அது முடிந்த அன்று சாப்பிட உட்கார்ந்தவன், "ஊரே சொன்னப்பவும் நீ என்னய நம்புன பாரு, அத நான் மறக்கமாட்டேன்" என்றான்.

"நம்புனது இருக்கட்டுங்க. கீறிப் பாத்தேன்" என்றாள் அவள். அவன் சிரித்தே விட்டான்.

சில மரங்கள் பட்டுப்போயின. அவற்றின் மிளகுக்கொடியை சில்வர் ஓக் மரங்களுக்கு மாற்றினார்கள். மற்றவை ஆடியில் மறுபடி துளிர்த்தன. பாதிக்கு மேல் நல்ல இலை.