ஏழாம் நம்பர் படம்

முருகலட்சுமிக்குப் பொறாமை வந்தால் ஒளித்துவைக்கத் தெரியாது. ஓரகத்தி கனகலட்சுமி புதுச் சேலை கட்டினால் இவளுக்குத் தலைவலி வரும். கனகலட்சுமி வீட்டுப் பசு கிடாரிக் கன்று போட்டால் இவள் அன்றைக்குச் சோறு தின்னமாட்டாள். பாலவனத்தத்திலிருந்து பத்தொன்பது வயதில் வாழ வந்தவள், இப்போது நாற்பத்து மூன்று. புருஷன் பால்ச்சாமி மாசத்தில் பாதி நாள் லாரியில் இருப்பான். இவள் ஒற்றை ஆளாக நின்று கொத்தமல்லியும் உளுந்தும் விளைய வைத்து, ரெண்டு பெண்களையும் படிக்க வைத்து, பந்தல்குடி ரோட்டைப் பார்த்துக் கான்கிரீட் வீடும் கட்டிவிட்டாள். ஆனாலும் உன் கதையைச் சொல்லு என்றால், முதலில் கனகலட்சுமியின் கிணற்றைத்தான் சொல்வாள்.

பாகம் பிரித்தபோது சீட்டுப் போட்டார்கள். கிணறும், வரப்பை ஒட்டிய மேட்டில் நிற்கும் ரெட்டைப் பனையும் இருந்த கிழக்குத் துண்டு மூத்தவன் குடும்பத்துக்குப் போனது. வானம் பார்த்த மேற்குத் துண்டு இவர்களுக்கு. சீட்டை எடுத்தது பால்ச்சாமியின் கைதான். அந்தக் கையை அவள் இன்னும் மன்னித்தபாடில்லை. அன்றைக்கே அய்யனார் கோயில் வாசலில் சூடத்தை அணைத்து, கனகலட்சுமி காட்டு வரப்பை மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணினாள். இருபத்திரண்டு வருஷமாகக் காலும் வைக்கவில்லை, பேச்சும் இல்லை. கண்ணுக்கு மட்டும் சத்தியம் பண்ணத் தோன்றவில்லை. களை எடுத்து நிமிர்ந்தால் எதிரே ரெட்டைப் பனை. பனைக்குப் பின்னால் கனகலட்சுமியின் காடு. ஒரு நாளைக்கு நூறு தடவை பார்த்து நூறு தடவை பெருமூச்சு விடுவாள்.

போன தை மாசம் மதுரையிலிருந்து ஒரு காலேஜ் கூட்டம் ஊருக்கு வந்தது. பியூலா டீச்சர்தான் அவர்களுக்குத் தலைமை. சோலார் கரண்டு போகிற பெரிய டவர் லைன் ஊர் வழியாக வரப்போகிறது, எந்தப் பக்கம் போனால் ஊர்க்காரர்கள் மனசு சங்கடப்படாது என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"கோயில், கோபுரமெல்லாம் வேண்டாம். தெனமும் உங்க கண்ணுல படுற இடத்துல உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணைப் போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றார் பியூலா.

முருகலட்சுமி தன் வீட்டு இரும்புக் கேட்டை எடுத்து அனுப்பினாள். வந்ததில் இருபது படத்தைப் பொறுக்கி, ஆள் பேரோ காட்டுப் பேரோ போடாமல் நம்பர் மட்டும் கொடுத்து, வீடு வீடாகக் கொண்டுவந்தார்கள். சைபரிலிருந்து அஞ்சு வரை மார்க் போட வேண்டும். மார்க் குறைந்த இடத்து வழியாக டவர் போகலாம் என்று எழுதுவார்கள்.

ஏழாம் நம்பரைப் பார்த்ததும் முருகலட்சுமிக்கு அடிவயிறு பற்றிக்கொண்டது. அதே ரெட்டைப் பனை. பனைக்குப் பின்னால் மல்லி பூத்து, சாயங்கால வெயிலில் வெள்ளை வெளேரென்று கிடந்தது. ரெண்டு பேரும் ஒரே கடையில் விதை வாங்கி, ஒரே மழைக்குத்தான் விதைத்தார்கள். கனகலட்சுமிக்கு மட்டும் எப்படி இந்தப் பூ? சைபர் போட்டாள். அழுத்தின அழுத்தில் தாள் கிழிந்தது.

அதோடு விட்டாளா? தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஏறி இறங்கினாள்.

"ஏழாம் நம்பருக்கு முட்டையப் போடுங்கத்தா. டவரு அந்தப் பக்கம் போயிட்டா ஒங்க காடு தப்பிச்சிரும்ல."

தங்கள் காடு தப்பினால் சரி என்று அவர்களும் போட்டார்கள்.

அடுத்த வாரம் சமுதாயக்கூடத்தில் கூட்டம். பியூலா திரையில் படத்தைக் காட்டினார்.

"இருக்கிறதுலேயே கம்மி மார்க் ஏழாம் நம்பருக்கு. பால்ச்சாமி, முருகலட்சுமி காடு. கிணத்து மேட்டுல நின்னு மேற்க பார்த்து எடுத்திருக்காங்க."

"இல்ல டீச்சர், அது அவுக காடு" என்று முருகலட்சுமி எழுந்துவிட்டாள்.

பியூலா படத்தைப் பெரிதாக்கினார். மல்லிக்கு நடுவே ஒரு திருஷ்டிப் பொம்மை. அதன் மேல் பால்ச்சாமியின் பழைய காக்கிச் சட்டை. கனகலட்சுமி கண் பட்டுவிடக் கூடாதென்று முருகலட்சுமியே கட்டி நிறுத்தியது.

அப்போது கனகலட்சுமி எழுந்தாள்.

"போட்டோ எடுத்தது நாந்தேன். அஞ்சு மார்க்கும் போட்டேன். கெணறு இருந்து என்ன பண்ண, எங்காடு ஒரு வருசமாச்சும் அப்பிடிப் பூத்திருக்கா? அதப் பாத்துப் பாத்து இருபத்திரண்டு வருசமா வயிறெரியிறேன். அதுக்குப் போயி எவ முட்டை போட்டது?"

தெருப் பெண்கள் அத்தனை பேரும் முருகலட்சுமியைப் பார்த்தார்கள். கணக்கு இன்னும் மேலே போகவில்லை, தப்பு நடந்திருந்தால் காரணம் சொல்லுங்கள், திரும்ப மார்க் போடலாம் என்றார் பியூலா. வாயைத் திறந்தால் ஊர் முன்னால் மானம் போகும். திறக்காவிட்டால் மல்லிக் காட்டில் டவர் நிற்கும். முருகலட்சுமி முந்தானையைப் போட்டுப் பிசைந்தாள்.

"நாந்தேன் போடச் சொன்னேன். அவுக காடுன்னு நெனச்சுட்டேன்."

கூடம் கொல்லென்று சிரித்தது. கனகலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரு தடவ அங்கிட்டு வந்து நின்னுருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றாள்.

இந்தத் தடவை இடத்தில் நின்று பார்த்தே மார்க் போடட்டும் என்று, மறுநாள் சாயங்காலம் எல்லோரையும் கிணற்று மேட்டுக்கே கூட்டிப்போனார் பியூலா. மற்றவர்கள் ஏறிப் போய், நாலும் அஞ்சுமாக மார்க் போட்டுவிட்டார்கள். முருகலட்சுமி மட்டும் வரப்புக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். சத்தியம் காலைக் கட்டியது.

"அய்யனாருக்கு நான் தேங்கா ஒடச்சுக்கிறேன், வாத்தா" என்றாள் கனகலட்சுமி.

முருகலட்சுமி வரப்பைத் தாண்டி, கிணற்றைச் சுற்றிக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தாள். ரெட்டைப் பனைக்குப் பின்னால் மல்லி வெள்ளை வெளேரென்று கிடந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது, நிஜமாகவே எரிந்தது. எவளோ குடுத்துவச்சவ என்று மனசுக்குள் கருவினாள். காக்கிச் சட்டைப் பொம்மை கண்ணில் பட்ட பிறகுதான் அது யார் காடு என்ற நினைப்பே வந்தது.