சிரிக்க வைக்கும் உத்தியோகம்

கேமராவுக்கு முன்னால் நிற்பவர்களைச் சிரிக்க வைப்பதெல்லாம் ஓர் உத்தியோகமா என்று கேட்காதீர்கள். ஐம்பதுகளில் திருச்சியில் நான் அதைச் செய்துதான் சாப்பிட்டேன். சர்க்காருக்குச் சின்னச் சின்னப் படங்கள் எடுத்துக் கொடுத்த ஒரு டைரக்டரின் உதவியாளன் நான். யுத்தத்தின்போது அவர் மலாயாவில் இருந்தார் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. சிடுமூஞ்சி முதலாளியிடம் மாரடித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

மூன்று இலை

திருவானைக்காவலில் விளைச்சலைப் பற்றி ஒரு படம். விவசாயிகளை உட்கார வைத்து, இலை போட்டுச் சாம்பார் சாதம் பரிமாறினோம். அவர்கள் பிசைந்து கவளத்தை எடுத்ததும் டைரக்டர் நிறுத்தச் சொல்வார். வெளிச்சம் போதாதாம். பிசைந்த சோறு படத்தில் அசிங்கமாம். இலையை எடுத்துவிட்டு வேறு போட வேண்டுமாம். சாப்பிட உட்கார்ந்தவன் முன்னாலிருந்து மூன்று தடவை இலையை உருவினால் யாருக்குச் சிரிப்பு வரும்? ஆனால் சிரிக்கச் சொல்லிக் கெஞ்சியது நான். ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: “மொதல்ல சாப்பிட விடுங்க தம்பி, சிரிப்பு தானா வரும்.”

காந்தி மார்க்கெட்

அடுத்து மூட்டை தூக்குகிறவர்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். நானும் கோணங்கித்தனமெல்லாம் செய்து பார்த்தேன். அந்த ஆள் அசையவில்லை. அவரைச் சிரிக்க வைக்காவிட்டால் நாளை முதல் வர வேண்டாம் என்று டைரக்டர் கத்தினார். வீட்டில் மனைவி வாயும் வயிறுமாக இருந்தாள். அந்த மூட்டைக்காரரைத் தனியே கூட்டிப் போய், என் பிழைப்பே போய்விடும் என்று மன்றாடினேன்.

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மலாயாவுல ஜப்பான்காரனுக்குப் படம் எடுத்தவர் இவர்தாங்க. இலை போட்டு உட்கார வச்சு, ஜப்பான்காரன் சயாமுல போட்ட ரயில் ரோட்டு வேலையில வயிறாரச் சாப்பிடுற மாதிரி சிரிக்கச் சொன்னார். நானும் என் தம்பியும் சிரிச்சோம். அதைப் பார்த்துட்டு எங்க ரப்பர் எஸ்டேட்டே அந்த வேலைக்குக் கிளம்பிச்சு, நாங்களும் போனோம். தம்பி திரும்பி வரலீங்க.”

ஸ்ரீரங்கம் மாடியறை

அன்று சாயங்காலம் டைரக்டரின் மாடியறைக்கே போய்க் கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். லென்ஸைத் துடைத்தபடி, யார் ஆண்டாலும் கேமராக்காரனுக்குப் படம் எடுப்பதுதானே வேலை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அண்ணன் தம்பியைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். “பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க, ஞாபகம் இருக்கு. சின்னவன்தான் நல்லா சிரிச்சான்.”

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. இன்றைக்கும் கல்யாண வீட்டுப் போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னால்கூட, படம் யாருக்கு என்று கேட்டுத் தொலைத்துவிட்டுத்தான் பல்லைக் காட்டுகிறேன்.