எண்ண மறந்த கை

திருவொற்றியூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூட்டுறவைச் சொல்லித்தரும் கோடை முகாம் நடத்தினோம். எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வோம். ஆளுக்கு ஒரு ஓட்டு. சமைக்க வந்த காசிமேட்டு அக்கா, ஒல்லியான உடம்பு, இடுப்பில் இறுக்கிச் செருகிய புடவை, கரண்டியோடு வாசலில் நின்று பார்ப்பார். பிள்ளைகள் கை தூக்கும்போதெல்லாம் அவர் கையும் தோள்வரை எழும்பி, இறங்கிவிடும்.

ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"மீனவர் சங்கத்துல எங்க வூட்டுக்காரர் பேருதான் இருந்துச்சு டீச்சர். அவுரு கடலோட போனப்புறம் கூட்டத்துக்கு நான் போயி கை தூக்குனேன். நீ மெம்பர் இல்ல, கைய எறக்குன்னுட்டாங்க."

"இங்க நீங்க தூக்கலாம் அக்கா" என்றேன்.

கடைசி நாள் சாப்பாட்டுக்கு மீன் குழம்பா, பிரியாணியா என்று ஓட்டெடுத்தோம். இரண்டுக்கும் தலா பன்னிரண்டு கை. சீட்டுக் குலுக்கிப் போட்டேன். பிள்ளைகளை மட்டுமே எண்ணியிருந்தது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அடுப்படிக்கு ஓடினேன்.

"நீங்க தூக்குனீங்களா அக்கா?"

"தூக்குனேன் டீச்சர்."

"எதுக்கு?"

"அத்த வுடு. சீட்டுல இன்னா வந்துச்சுன்னு சொல்லு. அடுப்பு எரிஞ்சுகினு கீது."

பிரியாணி என்றேன். அரிசி களையத் திரும்பிக்கொண்டார். எதற்குத் தூக்கினார் என்று கடைசிவரை சொல்லவேயில்லை.